செல்வராணி சிங்கப்பூரில் இருக்கிறாள்

சிகாமட் ஊரைத் தாண்டி ஏழாவது மைலில், ஏழாங்கட்டையில் இருந்த கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. நடந்தது என்று சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தே தீரவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டுவிட்டது. சட்டம் போட்ட பிறகு பள்ளிக்கூடம் இல்லாமல் எப்படி? பழைய மாட்டுக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு மேலே கூரை வரைக்கும் காற்றுதான். நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை, சபாபதி என்று ஒரு வாத்தியார். பெரிய துரை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இதனால் தனக்குத் தலைவலி எதுவும் வரக்கூடாது என்று சொல்லிப் போனார். அந்த வார்த்தையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டவர் ஆபீசுக் கணக்குப் பார்க்கும் கிராணி கனகசுந்தரம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் கிராணி. ஆபீசு, ஆள் பெயர் பதியும் செக்ரோல், அரிசிக் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் கையில். வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானை வெயிலிலும் கழற்றமாட்டார். பள்ளிக்கூடம் என்றால் முதலில் படிப்பு என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் அல்லவா, அவர் அப்படி நினைக்கவில்லை. முதலில் பெரட்டு.

விடியுமுன் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கிராணி அந்தப் பெரட்டிலேயே பிள்ளைகளையும் சேர்த்துவிட்டார். தாய் வாளியும் உளியுமாக நிற்பாள், பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்.

"அங்கம்மா!" என்று கிராணி கூப்பிடுவார்.

"இருக்கேன்யா."

"அங்கம்மா பிள்ளை!"

"இருக்கேன்யா."

அதற்குப் பிறகு தாய் மரத்துக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைகளைச் சொந்தப் பெயரால் கூப்பிடுகிற பழக்கம் அங்கே கிடையாது. அதற்குக் கிராணி ஒரு காரணம் வைத்திருந்தார். "உங்கடை ஆக்கள் பிள்ளைக்கு வீட்டிலை ஒரு பேர், வெளியிலை ஒரு பேர் வைப்பினம். அம்மை போட்டால் மாரியம்மாள் எண்டு மாத்திப் போடுவினம். தாயின்ரை பேர் மட்டும் செக்ரோலிலை மாறாது," என்பார்.

அங்கம்மா பிள்ளைக்குச் செல்வராணி என்று ஒரு பெயர் இருந்தது. பத்து வயதை எட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயரை யாராவது பெரட்டில் கூப்பிடவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. சாயங்காலம் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, "செல்வராணி!" என்று கிராணியின் குரலில் தானே கூப்பிட்டு, "இருக்கேன்யா!" என்று தானே பதில் சொல்லி விளையாடுவாள். அந்த இருக்கேன்யாவில் லயத்து நாய்கள் எல்லாம் எழுந்து உட்காரும்.

அப்புறம் கித்தா விலை விழுந்தது. தரையில் விழுந்து, அதற்குக் கீழேயும் போயிற்று. சம்பளத்தைக் குறைத்தார்கள், மறுபடியும் குறைத்தார்கள், பாதி ஆட்களுக்குப் பாதி நாள்தான் வேலை என்றார்கள். செம்பவாங் பக்கம் வெள்ளைக்காரன் கப்பல் தளம் கட்டுகிறான், மண் வெட்ட ஆள் எடுக்கிறான் என்று சிங்கப்பூரிலிருந்து சேதி வந்தது. அங்கம்மாவும் புருஷனும் புறப்பட்டார்கள். அங்கே கொட்டகையில் படுக்கவே இடமில்லை, பிள்ளைகளைக் கொண்டு வரக்கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஆகவே செல்வராணி அங்கம்மாவின் தம்பி வீரமுத்துவிடம் இருந்தாள்.

வீரமுத்து பால் வெட்டுகிறவன். கல்யாணம் ஆகவில்லை. யார் எது சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிக்கிற ஜாதி. சிகாமட் ஸ்டேசனில் ரயில் ஏறும்போது அங்கம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இவள புல்லு வெட்டுற வெளிக்காட்டு வேலைக்கு மட்டும் எறக்கிடாதடா. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, நான் வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். நான்தான் புல்லு வெட்டி வளர்ந்தேன். இவளாவது நாலெழுத்து படிக்கட்டும்."

"சரிக்கா."

"சரின்னு சும்மா சொல்லாத. என் தலைமேல அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னான். ரயில் போன பிறகு செல்வராணி அழவில்லை. ஸ்டேசன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நாலு பாஷையில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. "மாமா, முதல் எழுத்து சி. மத்தது இன்னும் எங்களுக்கு நடத்தல. அம்மா திரும்பி வர்றதுக்குள்ள முழுசா வாசிச்சிருவேன்," என்றாள். வீரமுத்துவுக்கு அந்த முதல் எழுத்தும் தெரியாது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு செம்மண் சடக்கு வழியே நடந்தான். தூக்குகிற வயதா அவளுக்கு? ஆனாலும் தூக்கினான்.

மறுநாள் பெரட்டில் அங்கம்மாவைக் கூப்பிடவில்லை. அதனால் அங்கம்மா பிள்ளையையும் கூப்பிடவில்லை. எல்லோரும் கலைந்து போன பிறகு வீரமுத்து தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிராணியிடம் போனான்.

"ஐயா, எங்க அக்கா பொண்ணக் கூப்பிடலீங்களே."

"ஆர் உன்ரை அக்கா?"

"அங்கம்மாங்க."

"அங்கம்மா எங்கை?"

"சிங்கப்பூர்லங்க. ஐயாகிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க."

"அப்ப அவளின்ரை பிள்ளை எங்கை?"

வீரமுத்து குனிந்து பார்த்தான். செல்வராணி அவன் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலையுடன் நின்றாள்.

"இங்கதாங்க நிக்குது."

கிராணி குனிந்து பார்க்கவில்லை. "பிள்ளை எண்டால் தாய் தகப்பனோடை இருக்கும். தாய் தகப்பன் சிங்கப்பூரிலை. ஆகவே பிள்ளையும் சிங்கப்பூரிலை. விளங்குதோ?"

"விளங்குதுங்க," என்றான் வீரமுத்து. கிராணி விளங்குதோ என்று கேட்டால் அப்படித்தான் பதில் சொல்லவேண்டும். லயத்துக்கு வந்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாளிடம் போய்ச் சொன்னான். பேச்சியம்மாள் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, காலடியில் ஒன்றுமாக நின்றபடியே கேட்டாள். அவள் வாய்க்குத் தோட்டத்தில் யாரும் எதிர்வாய் கொடுப்பதில்லை.

"ஏண்டா வீரமுத்து, புள்ள சிங்கப்பூர்ல இருக்குன்னா, நீ இங்க ஊத்துற கஞ்சி எப்பிடிடா அங்க போயிச் சேருது? தபால்லயா?"

"கேலி பண்ணாத அக்கா. அங்கம்மா தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பண்ணியிருக்கேல்ல? அப்ப கூப்பிட்டா என்ன, கூப்பிடாட்டி என்ன? கொண்டு போயி பெஞ்சுல உக்கார வை. யாரு வந்து தூக்கிப் போடுறான்னு பாத்துக்குவோம்."

கொண்டு போனான். சபாபதி வாத்தியார் நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனுக்கும் வீட்டில் ஆறு வாய் இருந்தன. "பெரட்டுல பேரு வராத புள்ளைய உள்ள உக்கார வச்சா என் சீட்டு கிழிஞ்சிரும்பா," என்று கையைப் பிசைந்தார். பிறகு இடுப்பளவுச் சுவருக்கு வெளியே ஒரு மாமரத்து வேரைக் காட்டினார். "அங்க உக்காரட்டும். அது பள்ளிக்கூடம் இல்ல. காத்து வாக்குல காதுல விழுந்தா நான் என்ன செய்ய முடியும்?"

செல்வராணி மாமரத்து வேரில் உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் எழுதிப் படித்தாள். உள்ளே இருக்கிற பிள்ளைகள் பராக்குப் பார்த்தார்கள், இவள் பார்க்கவில்லை. நாளாக நாளாக மற்ற லயங்களிலிருந்தும் ஆட்கள் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளும் பாட்டி, அத்தை, பக்கத்து வீடு என்று ஒதுங்கி, காலையில் மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தன. உள்ளே பெஞ்சு காலியாயிற்று, வெளியே வேர் நிரம்பியது.

ஒரு நாள் கிராணி அந்த வழியாக வந்தார். மரத்தடியில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் க, ங, ச சொல்வதைக் கேட்டுத் திகைத்து நின்றுவிட்டார்.

"வாத்தியார், தோட்டத்தின்ரை எழுத்து வெளியிலை போகுது," என்றார். பால் வாளியில் ஓட்டை கண்டவர் மாதிரி அவர் முகம் இருந்தது.

அன்று மத்தியானமே ஸ்டோரிலிருந்து சாக்கு கொண்டு வந்து சுவருக்கு மேலே கூரை வரைக்கும் தைத்துத் தொங்கவிட்டார்கள். உள்ளே இருட்டிவிட்டது. சாக்கில் ஒட்டியிருந்த கித்தா நாற்றத்தில் பிள்ளைகளுக்குத் தும்மல் வந்தது. சாக்குக்கு வெளியே சத்தம் கேட்காத அளவுக்குத்தான் பாடம் நடத்தவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. சபாபதி வாத்தியார் அன்றிலிருந்து அகர ஆகாரத்தைக் கிசுகிசுத்தார். உள்ளே கடைசி பெஞ்சுக்கு அது எட்டவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளைகள், வாத்தியார் ஏதோ ரகசியம் சொல்கிறார் என்று நினைத்து, வீட்டில் போய் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டன.

"சத்தமில்லாம பாடம் நடத்துறது எப்பிடின்னு எனக்கு எவனும் சொல்லித் தரலப்பா," என்று வீரமுத்துவைச் சடக்கில் பார்த்தபோது வாத்தியார் சொன்னார். "தொண்டைக்கு நல்லாத்தான் இருக்கு. மனசுக்குத்தான்..." அந்த ஆளைப் பார்க்கவே வீரமுத்துவுக்குப் பாவமாக இருந்தது.

செல்வராணி விடுகிற மாதிரி இல்லை. சாக்கின் தையல் விட்ட இடத்தில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு பக்கத்துக் காது சாக்கு உரசிச் சிவந்து போயிருந்தது. அதைப் பார்த்த அன்று வீரமுத்துவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரம் வந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தான் வளர்த்த செஞ்சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனான்.

கிராணி சாய்வு நாற்காலியில் இருந்தார். சேவலைத் தூக்கிப் பார்த்தார். "இது இஞ்சைதானே இருக்குது? அப்ப ஏற்றுக்கொள்ளலாம்," என்று சமையல்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ஐயா, அக்காவுக்குப் பதிலா நான் பெரட்டுல நிக்கிறேன். வீரமுத்து புள்ளன்னு கூப்பிடுங்க. அது பதில் சொல்லிரும்."

"நீ கலியாணம் கட்டினனியோ?"

"இல்லீங்க."

"கலியாணம் கட்டாத ஆளுக்குப் பிள்ளை எண்டு நான் கூப்பிட்டால் தோட்டத்தின்ரை மானம் என்னாகும்? நீ மாமன். மாமன் எண்டு ஒரு இடம் செக்ரோலிலை இல்லை."

அதற்கு மேல் பேசத் தெரியாமல் வீரமுத்து சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. பட்டுச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி, சுற்றிலும் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள்.

"ஐயா வீட்டுப் பிள்ளைங்களா?"

கிராணியின் முகம் மலர்ந்தது. "ஓம். ஊரிலை தாயோடை நிண்டு படிக்கினம். நல்ல பள்ளிக்கூடம், இங்கிலீசுப் படிப்பு. தகப்பன் கடல் கடந்து வந்து கஷ்டப்படுறது ஆருக்காக? பிள்ளையளின்ரை படிப்புக்காக. அதுகள் படிச்சு ஆளாக வேணும். அதை விட்டால் எனக்கு வேறை என்ன கவலை?"

அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் தெரிந்தது. வீரமுத்துவுக்கும் அக்காவின் நினைப்பு வந்துவிட்டது. எங்க அக்காவும் அதுக்குத்தாங்க போயிருக்கு என்று சொல்ல நினைத்தான். ஆனால் பல நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த சந்தேகம் முந்திக்கொண்டது.

"அப்ப ஐயா, நீங்க இங்க இருக்கிறதால, பிள்ளைங்களும் இங்கதானே இருக்கணும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. உள்ளே சேவல் ஒரு தடவை கத்தி ஓய்ந்தது. பிறகு அவர் மெல்ல எழுந்து, கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்து, வீரமுத்துவின் தோளில் கை வைத்தார். அந்தத் தோட்டத்தில் ஒரு கிராணி ஒரு பால்வெட்டுக்காரன் தோளில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

"வீரமுத்து, நீ கெட்டிக்காரன்," என்றார்.

விஷயம் இதுதான். ஜோகூர் பாருவிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போவதாகச் சேதி வந்திருந்தது. உள்ளே இருக்கிற பிள்ளைகளோ பத்துக்குப் போதவில்லை. இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் துரைக்குத் தலைவலி வரும். துரைக்குத் தலைவலி வந்தால் கிராணிக்கு என்ன வரும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்தக் கவலையில் அவர் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. தூங்காத மனுஷனுக்கு வீரமுத்து வழிகாட்டிவிட்டான்.

மறுநாள் பெரட்டில் கிராணி விளக்கடியில் நிமிர்ந்து நின்றார்.

"கனகசுந்தரம்!" என்று கூப்பிட்டார். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "இருக்கிறன்," என்று அவரே சொன்னார். "கனகசுந்தரம் பிள்ளையள்!" என்று கூப்பிட்டார். ஒரு மூச்சு விட்டு, குரலைக் கொஞ்சம் சின்னதாக்கி, "இருக்கிறம்," என்றார்.

பிறகு பெரிய துரையின் பிள்ளைகள். அவர்கள் சீமையில் படித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் ஏழாங்கட்டையில் இருப்பதால் அவர்களும் ஏழாங்கட்டையில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசருடைய பிள்ளைகள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பஞ்சாபிலிருந்து காவலுக்கு வந்த ஜாகாக்காரருக்கும் பிள்ளைகள் உண்டா என்று கிராணி மலாயில் கேட்டார். ஊரை விட்டு வந்து வெகு வருஷமாகிய அந்த மனுஷன் தாடியைத் துடைத்துக்கொண்டு உண்டு என்றார். அவர்களையும் சேர்த்தாயிற்று. இல்லாத பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கிராணியே குரல் கொடுத்தார்.

"கேளுங்கோ எல்லாரும்," என்று அன்றைக்கு ஒரு பிரசங்கமும் செய்தார். "இண்டையிலையிருந்து எங்கடை பள்ளிக்கூடம் நிறைஞ்ச பள்ளிக்கூடம். பெரிய இடத்துப் பிள்ளையள் எங்கடை பெஞ்சிலை வந்து இருக்கினம். ஒருத்தரும் சளி சிந்தமாட்டினம், பேன் கொண்டு வரமாட்டினம், சிலேட்டை உடைக்கமாட்டினம். இப்படிப்பட்ட பிள்ளையள் எந்தத் தோட்டத்துக்குக் கிடைக்கும்? இனி ஆரும் அந்தப் பெஞ்சிலை தவறியும் இருக்கக்கூடாது."

"அலமாக்!" என்று பேச்சியம்மாள் மட்டும் பின்னால் நின்று மலாயில் அதிசயப்பட்டாள்.

உள்ளே மிச்சமிருந்த நிஜப் பிள்ளைகள் முன் பெஞ்சைத் துரை பிள்ளைகளுக்கு விட்டு, தரையில் உட்கார்ந்தார்கள். பெஞ்சைத் தினமும் துடைத்து வைப்பது அவர்களுடைய வேலையாயிற்று.

வீரமுத்து மட்டும் இன்ஸ்பெக்டரை நம்பியிருந்தான். அவர் சர்க்கார் ஆள், படித்தவர், கண் இருக்கிறவர். சாக்குக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தால் போதும், விஷயம் தீர்ந்தது என்று நினைத்தான். செல்வராணியிடமும் சொன்னான். "பெரியவரு கேள்வி கேட்டா நல்லா கணீர்னு சொல்லும்மா. பயப்படாத."

"பயமா? எனக்கா?" என்றாள் அவள். அன்றிரவு முழுக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தூங்கினாள்.

சிகாமட் ஆறு பெருகி ஊரெல்லாம் தண்ணீர் நின்ற வாரம் அது. இன்ஸ்பெக்டர் படகிலும் மாட்டு வண்டியிலுமாக மாறி மாறி வந்து, முழங்கால் வரை சேற்றோடு இறங்கினார். அவர் பெட்டியைச் சுமக்க வீரமுத்துவைத்தான் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதனால் நடந்தது முழுவதையும் அவன் வாசலில் நின்று பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். தரையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். கிராணி அருகே போய், யார் யாருடைய பிள்ளைகள் எந்தெந்தப் பெஞ்சில் என்று விளக்கமாகச் சொன்னார். தாய் தகப்பன் இருக்கிற இடமே பிள்ளையின் இடம் என்கிற ஒழுங்கையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது வெடிப்பார், இதோ வெடிப்பார் என்று வீரமுத்து பார்த்தான்.

"மிகவும் ஆழமான ஏற்பாடு," என்றார் இன்ஸ்பெக்டர். "என் குழந்தைகள் நாகப்பட்டினத்தில் இருக்கிறார்கள். பார்த்து மூன்று வருஷமாகிறது. இந்த ஒழுங்கின்படி அவர்கள் என்னோடுதான் சுற்றுகிறார்கள் என்று ஆகிறது, இல்லையா? மனதுக்கு எவ்வளவு ஆறுதல்!"

அவர் முதல் பெஞ்சுக்குப் போய், குனிந்து, துரை பிள்ளைகளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பிறகு பரீட்சை வைத்தார். "ஏழும் எட்டும் எத்தனை?" என்று பெஞ்சைக் கேட்டார். பெஞ்சு பதில் சொல்லவில்லை.

"பதினஞ்சு!" என்று சாக்குக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யார் அது?"

"அது சிங்கப்பூர், சேர்," என்றார் கிராணி.

இன்ஸ்பெக்டர் சாக்கு ஓரத்தை விலக்கிப் பார்த்தார். மாமரத்தடியில் சேற்றில் குந்தியிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து கைகட்டி நின்றன. செல்வராணி முன்னால் நின்றாள். அவர் கரும்பலகையைக் காட்டி, வாசி என்றார். அவள் தட்டாமல் தடுமாறாமல் வாசித்தாள். பலகையில் இருந்ததை வாசித்து முடித்து, பக்கத்தில் சாக்கின்மேல் தமிழில் எழுதியிருந்த தோட்டத்துப் பெயரையும் சேர்த்து வாசித்தாள்.

வீரமுத்துவுக்கு நிற்க முடியவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான். பிறந்ததிலிருந்து அவன் ஒரு பெரிய மனுஷர் முன்னால் தானாக வாயைத் திறந்தது கிடையாது.

"ஐயா, சாமி, இது எங்க அக்கா பொண்ணுங்க. சிங்கப்பூர்ல இல்லீங்க. இங்கதாங்க இருக்கு. என்கூடத்தான் இருக்கு, என் சட்டியிலதான் சோறு திங்குது. ஐயா கண்ணால பாக்குறீங்களே! உள்ள உக்கார ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இன்ஸ்பெக்டர் அவனைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

"உன் பாசம் எனக்குப் புரிகிறது, அப்பா. ஆனால் சர்க்கார் எல்லாக் குழந்தைகளையும் நினைத்துத்தான் சட்டம் செய்திருக்கிறது. குழந்தைகளைக் கண்ணால் பார்த்துக் கணக்கெடுக்க ஆரம்பித்தால் நிர்வாகம் என்னாவது? நான் ஜோகூருக்கு இன்ஸ்பெக்டர். சிங்கப்பூர்ப் பிள்ளையை நான் பரீட்சித்ததே வரம்பு மீறல். இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஊரில் படிப்பின் தரம் பிரமாதமாக உயர்ந்திருக்கிறது. அங்கே உள்ள இன்ஸ்பெக்டருக்கு என் பாராட்டைத் தெரிவிப்பேன்."

செல்வராணியின் தலையைத் தடவிக் கொடுத்து, "பத்திரமாக ஊர் போய்ச் சேர், குழந்தாய். வழியெல்லாம் வெள்ளம்," என்றார்.

போவதற்கு முன் அவர் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். தம் ஆளுகையில் உள்ள பள்ளிக்கூடங்களில் இவ்வளவு அமைதியான வகுப்பைக் கண்டதில்லை என்றும், முன் பெஞ்சுப் பிள்ளைகளின் ஒழுக்கம் எல்லாத் தோட்டங்களுக்கும் உதாரணமாகச் சொல்லத்தக்கது என்றும் சொன்னார். ஒரே ஒரு குறை கண்டார். சுவருக்கு வெளியே வேலையற்ற பிள்ளைகள் கூடி நின்று சத்தம் போடுவது படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சல். அதைத் தோட்டம் கவனிக்கவேண்டும். கவனிக்கிறோம் என்று கிராணி கைகட்டிச் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் லயத்துக்கு, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வந்தான். வேர்ப் பிள்ளைகளில் கொஞ்சம் வளர்ந்தவர்களை எல்லாம் பெரட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி உத்தரவாம். ஆளுக்கு ஒரு சின்னப் புல்வெட்டி கொடுத்தார்கள். செல்வராணியின் கையிலும் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் வீரமுத்து வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கிராணியிடம் ஓடினான். அங்கம்மாவின் உச்சி மயிர் உள்ளங்கையில் பட்டது இன்னும் அவனுக்கு மறக்கவில்லை.

"ஐயா! இது வேலைக்கு வேணாங்க. நானே ரெண்டு பங்கு வெட்டுறேன். இத உட்ருங்க."

"சும்மா திரியிற பிள்ளையளை இன்ஸ்பெக்டர் கவனிக்கச் சொன்னவர். நீயும் கேட்டுக்கொண்டுதானே நிண்டனி?"

"அது சிங்கப்பூர்ல இருக்கிற புள்ளைங்களே ஐயா! நீங்கதானே சொன்னீங்க? இங்க இல்லாத புள்ள எப்பிடிங்க புல்லு வெட்டும்?"

கிராணி அவனை இரக்கத்தோடு பார்த்தார். இவ்வளவு நாள் சொல்லிக் கொடுத்தும் இவனுக்கு ஏறவில்லையே என்கிற இரக்கம்.

"அது படிப்புக்கு, வீரமுத்து. படிக்கிறதுக்குத்தான் தாய் தகப்பன் வேணும். புல்லு வெட்ட என்னத்துக்கு?"

அவர் விளக்கடிக்குப் போனார். வெளிக்காட்டுப் பெரட்டு தொடங்கியது. அங்கே தாய் பெயர் கேட்பதில்லை. வேலை செய்கிற ஆளின் பெயர் ஒன்றே போதும்.

"செல்வராணி!"

அவள் முதலில் நம்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு புல்வெட்டியைத் தரையில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, லயத்து வாசலில் எத்தனையோ நாள் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"இருக்கேன்யா!"

லயத்து நாய்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

செல்வராணி வீரமுத்துவிடம் ஓடி வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

"மாமா, கேட்டீங்களா? என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு! அம்மா வந்தா சொல்லணும், மறந்துறாதீங்க."

"கேட்டேம்மா," என்றான் வீரமுத்து. "சொல்றேன்."

வெளிக்காட்டுக்குப் போகிற கூட்டம் நகர்ந்தது. அவள் புல்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். வீரமுத்து வாளியை எடுத்துக்கொண்டு தன் மரங்களுக்குப் போனான். பின்னால் பெரட்டுத் திடலில் கிராணி துரை பிள்ளைகளைக் கூப்பிட்டு, சின்னக் குரலில் இருக்கிறம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.